எல்லோருக்கும் மார்கழி

அமைச்சர் குணாளன் பேச்சுவார்த்தைக்குத் தானே கிளம்பித் தூத்துக்குடிக்கு வருகிறார் என்று செய்தி வந்த அன்று, ஆவுடைத்தாய் வாழ்க்கையில் முதன்முறையாக ஜெயித்துவிடுவோம் என்று நம்பினாள்.

அவள் துறைமுக கண்டெய்னர் யார்டு ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். யார்டில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் பதினெட்டு வயதில் வந்தவள். பெட்டிகளைக் கப்பலோடு சேர்த்து இரும்புக் கம்பியால் இறுக்கும் வேலை பார்த்த கொம்பையாவை அங்கேதான் பார்த்தாள், அங்கேதான் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. சங்கம்தான் பிள்ளை என்று கொம்பையா கேலி செய்வான்.

அந்தக் காலத்தில் கத்திரி வெயில் என்று தனியாக ஒன்று இல்லாமல் போயிருந்தது. மாசியில் ஏறும் வெயில் ஐப்பசி வரை இறங்குவதில்லை. மழை வந்தால் ஊரை முக்கிவிட்டுப் போகும், வராவிட்டால் வராது. மார்கழி என்ற மாதம் காலண்டரில் மட்டும் இருந்தது. யார்டில் இரும்புப் பெட்டியைத் தொட்ட கை கொப்பளித்தது. மத்தியானத்தில் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே பாதிப் பேர் செத்திருந்தார்கள். மாநிலம் முழுக்க இதுதான் கதை. கட்டட வேலை, சாலை வேலை, உப்பளம், செங்கல் சூளை என்று எல்லாச் சங்கங்களும் சேர்ந்து வெயில் வேலைநிறுத்தம் தொடங்கின.

கேட்டது இரண்டே இரண்டு. பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை வெட்டவெளியில் வேலை இல்லை என்று சட்டம். நிலக்கரி எரிக்கும் மின் நிலையங்களைப் பத்து வருஷத்துக்குள் மூடிவிடுவோம் என்று அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு. இரண்டாவது எதற்கு என்று சங்கத்துக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது. ஆவுடைத்தாய் கூட்டத்தில் எழுந்து சொன்னாள்: "மத்தியானம் லீவு விட்டா இந்த வருஷம் தப்பிப்போம். கரியை நிப்பாட்டலன்னா அடுத்து காலையிலயும் லீவு கேக்கணும். அதுக்கடுத்து ராத்திரியிலயும். அப்பொறம் எப்பதான் வேலை பாக்கது?" அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

துறைமுகம் நின்றது. நெடுஞ்சாலை நின்றது. வீட்டில் இருந்த பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்து உட்கார்ந்தார்கள். எந்தக் கட்சியும் கூட்டி வந்த கூட்டம் இல்லை அது. தாங்க முடியாமல் வந்த கூட்டம். அதுதான் அரசாங்கத்தைப் பயமுறுத்தியது.

பயணியர் மாளிகையின் குளிரூட்டிய கூடத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. குணாளன் மரியாதையான மனிதர். ஆவுடைத்தாய் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார். அவளோடு வந்த துணைச் செயலாளர் மரியசெல்வத்துக்குத் தன் கையாலேயே நாற்காலி இழுத்துப் போட்டார்.

"நீங்க கேக்குற ரெண்டாவது விஷயம் இருக்கே அம்மா, அதைச் செஞ்சா பாதி ஆலை மூடிடும். இப்ப உங்ககூட இருக்குற இதே தொழிலாளிதான் நாளைக்கு வேலை எங்கேன்னு என் வாசல்ல வந்து நிப்பான். உலகத்துல எவன் நிறுத்திட்டான்? நாம ஒருத்தர் நிறுத்தினா வெயில் இறங்கிடுமா?"

"எவனாவது முதல்ல நிறுத்தணும்லா, சார்?"

"நிறுத்தட்டும். நாம தடுக்கலையே." அமைச்சர் சிரித்தார். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணைக் காட்டினார். "வெயிலைக் குறைக்க என்னால முடியாது. ஆனா வெயில் தெரியாம செய்ய முடியும். இவங்க உங்க ஊர்க்காரங்கதான். டாக்டர் ஜெனோவா ரொட்ரிகோ. இவங்க சொல்லுவாங்க."

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். மேசையைப் பார்த்தபடியே பேசினாள். "சூட்டை உணர்ற நரம்புக்குத் தோல்ல ஒரு கதவு மாதிரி இருக்குங்க. இந்த ஊசி அந்தக் கதவைச் சாத்திடும். குளிர்ச்சியை உணர்ற கதவைக் கொஞ்சமாத் திறந்து வைக்கும். ஆறு மாசம் நிக்கும். தீக்காயம் பட்டவங்க எரிச்சல்ல தூங்க மாட்டாங்க. அவங்களுக்காகக் கண்டுபிடிச்சது."

"அப்ப உடம்பு சூடு ஏறாதா டாக்டர்?"

ஜெனோவா நிமிர்ந்தாள். "ஏறும். உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதனாலதான் எல்லாருக்கும் போடுறது பத்தி நான்..."

"நிபுணர் குழு பாத்துட்டாங்கம்மா," என்றார் அமைச்சர். "பயப்பட ஒண்ணும் இல்ல."

ஆவுடைத்தாய் எழுந்துவிட்டாள். "வீடு எரியும்போது மூக்கைப் பொத்திக்கிடச் சொல்லுதீங்க. சட்டத்தோட வாங்க, பேசுவோம்."

வெளியே வந்ததும் மரியசெல்வம் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். "சரியான அடி, அக்கா!" அவனுடைய மனைவி அப்போது நிறைமாதமாக இருந்தாள். வெக்கை தாளாமல் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு பகலெல்லாம் சிமென்டுத் தரையில் கிடந்தாள்.

ஊசி முகாமை வேலைநிறுத்தப் பந்தலுக்கு எதிரிலேயே போட்டார்கள். 'எல்லோருக்கும் மார்கழி' என்று பதாகை. கட்டாயம் இல்லை, காசு இல்லை. முதல் நாள் யாரும் போகவில்லை. இரண்டாம் நாள் காலையில் பால் குடிக்காமல் கத்திக்கொண்டிருந்த குழந்தையோடு ஒருத்தி போனாள். திரும்பி வரும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தையைப் பந்தலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஆவுடைத்தாய் வீட்டுக்கு வந்தபோது கொம்பையா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எத்தனையோ வருஷமாக விடிய விடியப் புரண்டுகொண்டே கிடந்த மனுஷன். அவளுக்கு அவனை எழுப்பிச் சண்டை போட மனம் வரவில்லை. மறுநாள் காலையில் அவனாகவே சொன்னான்.

"கோவப்படாத. ஒரே ஒரு நா நிம்மதியாத் தூங்கணும்னு தோணிச்சு. நீயும் போட்டுக்கிடு, ஆவுட. முகத்துல காத்து அடிக்க மாதிரி இருக்கு. மலை மேல நிக்க மாதிரி."

"நானும் போட்டுக்கிட்டா யாரு கேக்கது?"

"இனிமே என்னத்தைக் கேக்கணும்?" என்றான் அவன். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை.

வேலைநிறுத்தத்தை யாரும் உடைக்கவில்லை. அது தானாகக் கரைந்தது. பந்தலில் ஆள் குறைந்தது. பிறகு பந்தலே நிழலுக்குத் தேவைப்படாமல் போனது. ஊரில் சந்தோஷம் இருந்தது, அதை அவளால் மறுக்க முடியவில்லை. தெருவில் சண்டை குறைந்தது. பிள்ளைகள் படித்தார்கள். கிழவர்கள் மத்தியான வெயிலில் கடற்கரையில் உட்கார்ந்து கதை பேசினார்கள். மரியசெல்வத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஷைனி என்று பெயர் வைத்தான். பிறந்த மறுநாளே ஊசி போட்டார்கள். அவனும் போட்டுக்கொண்டான். அதைச் சொல்ல அவனே வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் தலைகுனிந்து நின்றான்.

அடுத்த வருஷம் ஊருக்குத் தெற்கே புதிய அனல் மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். சித்திரை மாதம், உச்சிவெயில். மைதானத்தில் பந்தல் இல்லை. குணாளன் ஒலிபெருக்கியில் கேட்டார்: "வெயில் வெயில்னு சிலர் இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க. உங்கள்ல யாருக்காவது சுடுதா? சுடுறவங்க கையைத் தூக்குங்க பாப்போம்."

ஆவுடைத்தாய் கையைத் தூக்கினாள். சுற்றிலும் திரும்பிப் பார்த்தாள். எல்லோர் முகத்திலும் உப்புப் பூத்திருந்தது, உதடு வெடித்திருந்தது, கண் சிவந்திருந்தது. அவள் கையைத் தவிர வேறு ஒரு கைகூட உயரவில்லை. நாலு வரிசை தள்ளி நின்ற கொம்பையா அவளையே பார்த்தான். அவன் கை பாதி எழுந்து, சட்டைப் பொத்தானைத் தடவிவிட்டு இறங்கியது. யாரும் அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் நின்ற பெண் பரிவோடு சொன்னாள்: "ஏன்க்கா இப்படிக் கெடந்து வேகுதிய? முகாம் அங்கதான் இருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க."

வெயில் சட்டம் என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. சட்டசபையில் அதைக் கேட்ட இரண்டு உறுப்பினர்களும் அடுத்த தேர்தலில் தோற்றார்கள். தெற்கே புகைபோக்கிகள் எழுந்தன. ஒவ்வொரு வருஷமும் வெயில் ஏறிக்கொண்டே போனது. அதைச் செய்தியில் சொல்வார்கள், யாரும் கேட்பதில்லை.

சாவு மட்டும் நிற்கவில்லை. அது சத்தமில்லாமல் நடந்தது. சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவன் அப்படியே சாய்வான். 'இதயக் கோளாறு' என்பார்கள். டாக்டர் ஜெனோவா வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, ஒரு சாயங்காலம் ஆவுடைத்தாயின் கதவைத் தட்டியபோது அவள் முடி முழுக்க வெளுத்திருந்தது.

"வெயில் ஆளைக் கொல்றதுக்கு முன்னால உடம்பு சொல்லும்மா. தாகம் எடுக்கும், தலை சுத்தும், நிழலுக்குப் போன்னு கெஞ்சும். நான் அந்த வாயை அடைச்சுட்டேன். இவங்க தண்ணிகூடக் குடிக்கிறதில்ல. வேர்க்கிறதும் குறைஞ்சுபோச்சு. நிறுத்தச் சொல்லி எழுதி எழுதிப் பாத்தேன். பதிலே இல்ல. நீங்க சொன்னா கேப்பாங்க."

இருவரும் வீடு வீடாகப் போனார்கள். லூர்தம்மாள் என்ற உப்பளத்துக்காரியின் புருஷன் அப்போதுதான் இறந்திருந்தான். அவள் இருவரையும் உட்காரவைத்து, டாக்டர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க சொல்லுதது நெசமா இருக்கட்டும். எங்க வீட்டுக்காரவுக செத்தாவ. ஆனா கஷ்டப்படாமச் செத்தாவ. எங்க அய்யா வெயில்ல செத்ததை நான் பாத்திருக்கேன், தாயி. நாக்கு தள்ளி, கையைக் காலைப் போட்டு அடிச்சுக்கிட்டு. எனக்கு அந்தச் சாவு வேண்டாம். இது போதும்."

ஜெனோவா தெருவுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கொம்பையாவின் முறை அந்த வைகாசியில் வந்தது. யார்டிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தான். நடையில் சிறு தள்ளாட்டம்.

"போர்வையை எடு, ஆவுட. என்னமா குளுருது இன்னைக்கு!"

அவனைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். அடுப்பில் கிடந்த சட்டியைத் தொட்டது போல் இருந்தது. அவனை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் உட்காரவைத்துக் குடம் குடமாக ஊற்றினாள். அவன் பல் கிட்டிப்போய் நடுங்கினான். "விட்டுரு... ஐஸு மாதிரி இருக்கு... ஏன் என்னைச் சித்ரவதை பண்ணுத?" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவள் நிறுத்தவில்லை. அவன் அழுதான், அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். இத்தனை வருஷத்தில் அவன் அவளைத் திட்டியதே இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. தன்னைக் காப்பாற்றத்தான் அவள் தண்ணீர் ஊற்றினாள் என்பது அவனுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் ஆவுடைத்தாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனாள். ஜெனோவா சாட்சி சொன்னாள், தான் கண்டுபிடித்ததைத் தானே விஷம் என்றாள். வழக்கு இழுத்தது. கடைசியில், அடுத்த சித்திரைக்கு முன்னால், தீர்ப்பு வரும் வரை ஊசி போடக்கூடாது என்று இடைக்காலத் தடை கிடைத்தது.

"இனிமே பாருங்க," என்றாள் ஜெனோவா. அவள் கண்ணில் பல வருஷத்துக்குப் பிறகு வெளிச்சம் இருந்தது. "மருந்து இறங்கட்டும். எல்லாருக்கும் சுடட்டும். மறுபடியும் தெருவுக்கு வருவாங்க. இந்தத் தடவை சட்டம் வாங்காம விடமாட்டாங்க."

மருந்து இறங்கியது. தெருவுக்கும் வந்தார்கள். முன்பு பார்த்ததைவிடப் பல மடங்கு பெரிய கூட்டம். துறைமுகம் மறுபடி நின்றது, நெடுஞ்சாலை நின்றது. ஆவுடைத்தாய் ஓடிப்போய்த் தெருமுனையில் நின்று பார்த்தாள். மரியசெல்வம்தான் முன்னால் கோஷம் போட்டுக்கொண்டு வந்தான். வெயில் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊசியைத் திருப்பிக் கொடு என்றார்கள்.

ஜெனோவா கூட்டத்தின் நடுவில் போய் நின்று கத்திப் பார்த்தாள். "கரியை நிறுத்தச் சொல்லுங்க! நிழல் கேளுங்க!" யாரோ அவளைத் தள்ளிவிட்டார்கள். அவளை மிதித்துவிடாமல் கூட்டம் விலகிப் போனது.

இரண்டு நாள் கழித்து மரியசெல்வம் ஆவுடைத்தாயின் வீட்டுக்கு வந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்துத்தான் கதவைத் திறந்தாள். அவன் தோளில் ஷைனி கிடந்தாள். ஆறு வயதுப் பெண். உடம்பெல்லாம் நகத்தால் கீறிய ரத்தக் கோடுகள்.

"பிறந்ததுல இருந்து இவளுக்குச் சூடுன்னா என்னன்னே தெரியாதுக்கா. ஏதோ பூச்சி கடிக்குன்னு நினைக்கா. பிச்சுப் பிச்சு எடுக்கா. ஐஸ் கட்டி வச்சோம், ஈரத்துணி போட்டோம். தூங்கி மூணு நாளாச்சு. நம்மளாவது சின்ன வயசுல வெயிலு பாத்தவங்க. அப்ப இருந்த வெயிலா இது?"

ஷைனி தலையைத் தூக்கி ஆவுடைத்தாயைப் பார்த்தாள். குரல் கம்மிப் போயிருந்தது. "அத்தை, என்மேல இருக்கறதை எடுத்து விடுங்க," என்றாள்.

ஆவுடைத்தாய் அவளை வாங்கிக்கொண்டு விசிறினாள். வீசிய காற்றே அனலாக இருந்தது. பொறுத்துக்கொள், சட்டம் வரும், பத்து வருஷத்தில் புகைபோக்கிகளை மூடுவார்கள், அதற்கப்புறம் இருபது முப்பது வருஷத்தில் வெயில் ஏறுவது நிற்கும் என்று அந்தக் குழந்தையிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மரியசெல்வத்தை உட்காரச் சொன்னாள். வக்கீலுக்குப் போன் செய்தாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்றாள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த ஜெனோவா. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனாள். எங்கே போகிறாள் என்று சொல்லவில்லை.

வழக்கைத் திரும்பப் பெறும் அன்று நீதிபதி ஏன் என்று கேட்டார். "என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல, அய்யா," என்றாள் ஆவுடைத்தாய். அவ்வளவுதான் பதிவானது.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் குணாளன் உட்கார்ந்திருந்தார். இப்போது அமைச்சர் இல்லை, வயதாகிவிட்டது, வேறு ஏதோ வழக்குக்காக வந்திருந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் முன்பு போலவே எழுந்து நின்றார்.

"உங்களுக்கு வேர்க்கே," என்றாள் அவள்.

"நான் போட்டுக்கலையேம்மா. எனக்கு எதுக்கு? வீட்டுலயும் கார்லயும் ஏசி இருக்கு." பக்கத்தில் இடம் காட்டினார். அவள் உட்காரவில்லை. அவர் கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்தது. அன்னைக்குப் பயணியர் மாளிகையில நீங்க எழுந்து போனீங்கல்ல, அன்னைக்கு ராத்திரியே மேலிடத்துல பேசினோம். ஊசியை யாரும் சீந்தலைன்னா சட்டத்தைக் கொடுத்துடலாம்னு முடிவு பண்ணியிருந்தோம். ரெண்டு பிரிவையும். ஒரு வாரம் பாப்போம்னு இருந்தோம்."

"ஒரு வாரம்."

"ஆமா. நாங்க பயந்துபோய் இருந்தோம்மா. நீங்க ஜெயிச்சிட்டீங்கன்னுதான் நெனச்சோம்." அவர் குரலில் கேலி இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர் போலப் பேசினார்.

ஆவுடைத்தாய் படியிறங்கினாள். ஊர் திரும்பும்வரை வேனில் கூட வந்த ஊர்க்காரர்கள் யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் யாருக்கு என்ன ஆகப்போகிறது?

துறைமுக வாசலில் முகாம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. வெடி போட்டார்கள், இனிப்பு கொடுத்தார்கள். வேனை நிறுத்தி அவளை இறக்கினார்கள். ஒருத்தி வந்து அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வரிசையின் முதலில் மரியசெல்வம் ஷைனியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நர்ஸ் பஞ்சால் கையைத் துடைக்க, குழந்தை ஊசியைப் பார்த்து மிரண்டு கையை இழுத்துக்கொண்டது. "ஆவுட அத்தை சொன்னாத்தான்" என்று அடம்பிடித்தது.

ஆவுடைத்தாய் அவள் முன்னால் குனிந்தாள்.

"இதைப் போட்டா என்மேல இருக்கறது போயிருமா, அத்தை?"

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"போகாது, கண்ணு. அங்கனயேதான் இருக்கும். உனக்குத் தெரியாது."

ஷைனி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு அவளாகவே கையை நீட்டினாள்.